அடித்தல் மூன்று, திருத்தல் இரண்டு

அருப்புக்கோட்டை தாலுகாவுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இன்றுவரை, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அதற்கு மேலே உள்ளதையெல்லாம் படித்துவிட்டு அழுத்திய மனிதர் ஒரே ஒருவர்தான். அவரால் நான் இழந்தவை மூன்று. ஒரு சிநேகிதம், இருபத்திரண்டு மாத நிம்மதி, ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடியை அவர் நாற்காலியில் வைத்தது நான். அதன்மேல் உட்கார்ந்தது அவர். அது ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டார்.

அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், எட்டடிக்குப் பத்தடி அறை. வீட்டில் வைத்த பெயர் சுவரில் மாட்டிய லைசென்ஸில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ஷரத்து அண்ணாச்சி. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், "இதுல ஷரத்து என்ன போட்டிருக்கு?" என்று நிபந்தனையைத் தேடுவார். அதனால் வந்த பெயர்.

பத்திரம் எழுதி முடித்ததும், எழுதிக்கொடுப்பவருக்கு அதை வாசித்துக் காட்டவேண்டும் என்பது வழக்கம். 'வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு' என்று கடைசியில் ஒரு வரி வரும். மற்ற எழுத்தர்கள் அந்த வரியை எழுதுவதோடு சரி. அண்ணாச்சி முழுப் பத்திரத்தையும் வாசிப்பார். மல்லாங்கிணற்றிலிருந்து நிலம் விற்க வந்த ஒரு சம்சாரி அந்த வாசிப்பில் இரண்டு முறை தூங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணாச்சி, பஸ்ஸு போயிரும். கைநாட்ட எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"மூணாவது பக்கத்துல கண்ண மூடிட்டீங்க. மொதல்லருந்து வாரேன்."

"நான் மூடிக்கிட்டே கேட்டேன்."

"அப்படின்னா கிழக்கு எல்லை என்ன, சொல்லுங்க பாப்போம்."

சம்சாரிக்குத் தன் சொந்த நிலத்தின் கிழக்கு எல்லை மறந்துபோயிற்று. மூன்றாம் முறை வாசித்து முடித்தபோது மூன்று பஸ் போயிருந்தது.

திருச்சுழி பஸ்ஸில் ஒருமுறை அவரோடு போனேன். டிக்கெட்டின் பின்பக்கம், கேட்கும்போது டிக்கெட்டைக் காட்டவேண்டும் என்று அச்சிட்டிருந்தது. இறங்கும் இடம் வந்தும் அவர் இறங்கவில்லை.

"அண்ணாச்சி, எறங்குங்க. ஸ்டாப்பு வந்துருச்சு" என்றார் கண்டக்டர்.

"நீங்க இன்னும் டிக்கெட்டக் கேக்கலையே."

"நான்தானே குடுத்தேன். அதையே நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேட்டாக் காட்டணும்னு போட்டிருக்கு. நான் தயாரா இருக்கேன். உங்க பக்கத்துல நெறவேறல."

"சரி, கேட்டேன்னு வச்சுக்கிருங்க. எறங்குங்க சாமி."

பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவரோடு போனால் பார்வை எப்போதும் கூடப் போனவன் மேல்தான் விழும்.

பத்திர விவரங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று ஆனதும் அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைக்காரர் அதில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். திரையின் வலது கீழ் மூலையில், இது அசல் பிரதி அல்ல என்று ஆங்கிலத்தில் மங்கலாக ஒரு வரி தெரியும். ஊரில் பாதிப் பேருடைய திரையில் அந்த வரி உண்டு. ஈயைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி கடைக்காரரை வரவழைத்தார்.

"இதுக்கு மூலப்பத்திரம் எங்க?"

"அதெல்லாம் யாரு அண்ணாச்சி வாங்குறா? ஊரே இப்படித்தான் ஓட்டுது."

"அப்ப ஊரே ஆக்கிரமிப்புல இருக்கு."

பதினோரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் துண்டு போர்த்திக் கிடந்தது. வந்த ஆட்களை எல்லாம் அடுத்த எழுத்தரிடம் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள், மனைப் பத்திரத்துக்கு வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, யாரும் தாராளமாகப் போட்டுக்கொள்ளக் கூடிய இலவச இயங்குதளம் ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தார். அதற்கும் ஒரு உரிமப் பத்திரம் இருந்தது. அண்ணாச்சி அதை அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஆறு நாள் படித்தார். ஏழாம் நாள் என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். யாரும் பயன்படுத்தலாம். பிரதி எடுக்கலாம். பிரித்துப் பார்க்கலாம். மாற்றலாம். பிறருக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் இதே உரிமைகளோடு கொடுக்கவேண்டும். சாரம் இவ்வளவுதான்.

வாசித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"சார், முப்பத்தாறு வருசமாப் பத்திரம் எழுதுறேன். எனக்கு மட்டும்னு இல்லாத பத்திரத்த இப்பத்தான் பாக்குறேன். இது ஊருணி சார். வார்றவன் எல்லாம் மோந்துக்கிறலாம்."

ஆயுத பூசைக்கு மற்றவர்கள் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார்கள். அவர் அந்த உரிமப் பத்திரத்துக்கும் சேர்த்து வைத்தார். எட்டு மாதம் சந்தோஷமாக இருந்தார். நான் எண்ணியவரை, அவர் தொடர்ச்சியாகச் சந்தோஷமாக இருந்த காலம் அது ஒன்றுதான்.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை, இணையம் பார்க்கும் பிரவுசரைத் திறந்தார். பக்கம் வரவில்லை. ஓர் உடன்படிக்கை வந்தது. அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தான். அந்தப் பிரவுசர் இலவச இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்ததுதான். ஆனால் இயங்குதளம் பொதுச்சொத்து; பிரவுசரின் பெயரும் சின்னமும் அதைச் செய்தவர்களுக்குச் சொந்தம். ஆகவே அவர்கள் தனியாக ஒரு சம்மதம் கேட்டார்கள். எந்தப் பிரவுசர் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு அண்ணாச்சி கொடுத்த தொந்தரவே போதும்.

அன்று என் வீடு இருக்கும் பாளையம்பட்டியிலிருந்து நான் வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீகளா சார். ஊருணி பொதுவாம். படிக்கட்டு மட்டும் பட்டா நிலமாம்."

"அமுக்கிட்டு உள்ள போங்க அண்ணாச்சி. உலகமே அமுக்குது."

"உலகம் அமுக்கட்டும். எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா?"

யாரும் வாசித்துக் காட்டாததால் தானே வாசித்தார். ஒன்பது நாள் உட்கார்ந்து அந்த உடன்படிக்கையைப் பத்திரத் தமிழில் எழுதினார். 'அமெரிக்கா தேசத்தில் அலுவலகம் அமைத்து நடத்திவரும் 1வது பார்ட்டியாருக்கு, அருப்புக்கோட்டை டவுனில் வசிக்கும் 2வது பார்ட்டியாகிய நான் எழுதிக்கொடுத்த உடன்படிக்கை என்னவென்றால்' என்று தொடங்கியது. பிறகு தனக்குச் சம்மதமில்லாத இடங்களைப் பத்திர முறைப்படி கோடு போட்டு அடித்தார். வழக்கு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான் என்ற இடத்தை அடித்துவிட்டு, 'அருப்புக்கோட்டை முன்சீப் கோர்ட்' என்று திருத்தினார். எந்த உத்தரவாதமும் கிடையாது என்று கைகழுவிய இடத்தை அடித்துவிட்டு, 'பின்னிட்டு வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் 1வது பார்ட்டியார் தம் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக்கொடுக்க வேண்டியது' என்று எழுதினார். முன்னறிவிப்பின்றி விதிகளை மாற்றலாம் என்ற மூன்றாவது இடத்தை அடித்ததோடு விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக எழுதும் அளவுக்குக்கூட அது மரியாதைக்குரியது இல்லையாம். பக்கத்தின் அடியில் 'அடித்தல் 3, திருத்தல் 2' என்று கணக்கு எழுதிச் சுருக்கொப்பம் போட்டார்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். முதல் சாட்சி நான். இரண்டாம் சாட்சி எதிர் டீக்கடை தவசி. முழுவதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஐம்பத்தோரு நிமிடம்.

"அண்ணாச்சி, பால் பொங்குது" என்றான் தவசி.

"சாட்சி நடுவுல எந்திரிக்கக் கூடாது."

பால் பொங்கியது. கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கை ஆட்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினார். தாம் சம்மதித்தது தாம் திருத்திய பிரதிக்கு என்பது அவருடைய முழு நம்பிக்கை. அந்தப் பிரதியின் நகலை, உடன்படிக்கையின் அடியில் இருந்த விலாசத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பியும் வைத்தார். ஏழு வாரம் கழித்து அட்டை திரும்பி வந்தது. அதில் ஒரு கிறுக்கல். தபாலை வாங்கிய யாரோ ஒரு சிப்பந்தி போட்டது.

அண்ணாச்சி அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்து முழுக்க நடந்தார்.

"கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான் பாருங்க சார். 1வது பார்ட்டி ஏத்துக்கிட்டான்."

அவரை நான் திருத்தவில்லை. திருத்தியிருக்கவேண்டும். நம் சம்மதம் யாருக்கும் தேவையில்லை, பொத்தான் மட்டும்தான் தேவை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் பின்னால் வந்தது வந்திருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

இனி, பின்னால் வந்தது.

என் மகள் முத்துலட்சுமிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன அவள் கணவன் அங்கேயே வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டான். கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். சான்றிதழில் ஒரு பெயர்த் திருத்தம் வரத் தாமதமாகி, கடைசி நாள் வரை இழுத்துவிட்டது. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து இணைய மையத்துக்குப் போனோம். வரிசையில் நாற்பத்தேழு பேர். நாற்பத்தெட்டாவதாக நிற்காமல், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அண்ணாச்சி அறைக்கு வந்தோம். அவளுடைய சான்றிதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்ததும் அவர்தான்.

அவர் திரைக்கு முன்னால் அகராதியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"பிரவுசரு தன்னாலயே புதுசாயிருக்கு சார். கூடவே புது உடன்படிக்கை. பழசு ரத்துன்னு போட்டிருக்கான். நம்ம அடித்தல் மூணும் போச்சு, திருத்தல் ரெண்டும் போச்சு."

"எத்தன பக்கம்?"

"பதினொண்ணு. நாலுல நிக்கிறேன்."

"பாப்பா விண்ணப்பம் அஞ்சு மணிக்குள்ள போகணும்."

"படிச்சுட்டுப் போட்டுருவோம்."

மூன்று மணிக்கு ஆறாம் பக்கம். மூன்று நாற்பதுக்கு ஏழாம் பக்கம். அங்கே நின்றுவிட்டார்.

"இந்த ஷரத்தப் பாருங்க. நாம இதுல அடிக்கிறத எல்லாம் கையாள அவனுக்கு அனுமதி குடுக்குறோமாம். இந்தப் பெட்டில பரளச்சிலருந்து திருச்சுழி வரைக்கும் எத்தன குடும்பத்து நெலம், பாகம், சண்டை எல்லாம் கெடக்கு தெரியுமா?"

"நூத்துத் தொண்ணூத்தாறு" என்றேன். அவருடைய கோப்புகளை நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன்.

"அந்த நூத்துத் தொண்ணூத்தாறு பேருக்கும் சேத்து நான் எப்படி சார் சரின்னு சொல்ல?"

அந்த ஷரத்துக்கு உண்மையில் அதுதான் பொருளா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் அப்படிப் படித்தார். முத்துலட்சுமி, "மாமா, நூத்துத் தொண்ணூத்தேழாவதா என் பேரையும் போட்டுக்கிருங்க. ஆனா திறந்து விடுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ஒரே ஒரு வார்த்தைக்குத்தாம்மா அர்த்தம் சரியாப் புரியல. மாடில வக்கீல் இருக்காக. கேட்டுட்டு வந்துருதேன்" என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணி நான்கு பதினெட்டு. மாடிக்கு இருபத்திரண்டு படி. அவருக்கு முழங்கால் வலி.

அவர் ஆறாவது படியில் இருந்தபோது நான் அழுத்தினேன்.

வாழ்க்கையில் எத்தனையோ காரியம் செய்திருக்கிறேன். எதுவும் அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. பக்கம் திறந்துகொண்டது. முத்துலட்சுமி உட்கார்ந்து நிரப்பினாள். நான்கு நாற்பத்தொன்பதுக்கு விண்ணப்ப எண் வந்தது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார்.

"யாரு அமுக்குனது?"

"நாந்தான்."

"என் மெஷினு சார். என் பேரு."

"ஒரு பொத்தான்தானே அண்ணாச்சி."

"கைநாட்டும் ஒரு விரலுதான் சார்."

என்னிடம் இருந்த ஒரே பதிலை, அதாவது என் மகளை, அவர் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தாறு வருசத்துல இந்த ரூமுல ஒரு கள்ளக் கையெழுத்து விழுந்ததில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். பிறகு முத்துலட்சுமியைப் பார்த்து, "நீ போம்மா. பரீட்சைய நல்லா எழுது" என்றார். கம்ப்யூட்டரை அணைத்தார். துண்டைப் போர்த்தினார். நான் வெளியே வரும்வரை சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதோடு பேச்சு நின்றது. தவசி கடையில் இரண்டு பெஞ்சு. கிழக்குப் பெஞ்சில் நான், மேற்குப் பெஞ்சில் அவர். நடுவில் தவசி.

"தவசி, பேப்பரு படிச்சு முடிச்சாச்சான்னு கேளு" என்பார் மேற்கிலிருந்து.

"அவுகளுக்குக் காது கேக்கும் அண்ணாச்சி. நாலடி தூரந்தான்."

"நான் உன்கிட்டதான் சொன்னேன்."

எனக்குக் கோபம் வராமல் இல்லை. இன்றும் இருக்கிறது. உலகத்தில் எல்லோரும், கலெக்டர் ஆபீஸிலிருந்து கோயில் தேவஸ்தானம் வரை, படிக்காமல் அழுத்துகிறார்கள். நான் அழுத்திய ஒன்று மட்டும் குற்றம். வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவைத்தது குற்றமில்லை. இதை நான் தவசியிடம் எழுபது முறையாவது சொல்லியிருப்பேன். நாலடி தூரத்தில் கேட்கும்படிதான் சொன்னேன்.

முத்துலட்சுமி பரீட்சை எழுதினாள். ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை போயிற்று. முடிவு வந்த அன்று மேற்குப் பெஞ்சு காலியாக இருந்தது. இந்த ஒன்றரை மதிப்பெண்ணுக்காகவா ஒரு மனிதரை இழந்தேன் என்று வீட்டில் புலம்பினேன். "எழுதித் தோத்தேன்ப்பா. எழுதாமத் தோக்கல. அதுக்காகத்தான் அமுக்குனீங்க" என்றாள். இப்போது காலை ஆறு நாற்பது பஸ்ஸில் விருதுநகருக்கு ஒரு கடைக் கணக்கு எழுதப் போகிறாள்.

பேச்சு நின்ற இருபத்திரண்டாம் மாதம் அண்ணாச்சியின் முழங்கால் முழுவதுமாகப் படுத்துவிட்டது. ஓசூரிலிருந்து மகன் வந்து, அறையைக் காலி செய்து அழைத்துக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றிய பெட்டிகள் பதினான்கு. நான் கிழக்குப் பெஞ்சில்தான் இருந்தேன். முன்சீட்டில் ஏற அவருக்கு மூன்று பேர் உதவினார்கள். நான்காவதாகப் போயிருக்கலாம். போகவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி திரும்பியதும் தவசி கல்லாவிலிருந்து ஒரு உறையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"தான் போனதுக்கப்புறம் உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக சார்."

உள்ளே ஒரு முத்திரைத்தாள். பவர் பத்திரம். அவருடைய கையெழுத்தில், 'எனது நம்பிக்கைக்குப் பாத்திரமான' என்று தொடங்கி என் பெயர், என் அப்பா பெயர், என் விலாசம். 'எனது அலுவலகக் கணினியில் தோன்றும் பிரவுசர் உடன்படிக்கைக்கு, நான் நேரில் இல்லாத சமயம் என் பொருட்டுச் சம்மதம் தெரிவிக்க இவருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன். இவர் செய்தது யாவும் நானே நேரில் செய்ததாகும்.' தேதியைப் பார்த்தேன். நான் பொத்தானை அழுத்தியதற்கு முந்தின நாள்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவரின் ரப்பர் முத்திரை. தாள் வாங்கிய தேதி, நான் அழுத்தியதற்கு இரண்டு நாள் கழித்து.

"நாந்தான் சாட்சி போட்டேன்" என்றான் தவசி. "அந்த வாரமே எழுதிட்டாக. தேதி தப்பா இருக்கே அண்ணாச்சின்னு கேட்டேன். போடுறா, தெரிஞ்சுதான் எழுதிருக்கேன்னாக."

அப்படியானால் இருபத்திரண்டு மாதம் இதை மேசைக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். கொடுத்திருந்தால் என்ன? கேட்பதற்கு மேற்குப் பெஞ்சில் யாரும் இல்லை.

இன்னும் வாங்கியே இராத தாளில் மூன்று நாள் முன்னதாகவே எழுதியதாகத் தேதி போட்ட பத்திரம். அரைகுறை வக்கீல்கூட ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். எந்தக் கோர்ட்டிலும் செல்லாது. வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பையில், அதற்கு மேலாக வைத்திருக்கிறேன்.